கல்லூரிக் கல்வியும் புதிய கருவிகளும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்லூரிப் பாடம் நடத்துவதில் தொழில்நுட்பமும் ஊடகமும் எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதுபற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது சிறிது தயங்கினேன். நான் கல்லூரி ஆசிரியன் அல்லேன். முப்பது ஆண்டுகளாக அரசுப் பள்ளியில் சுண்ணக்கட்டியோடு காலம் கழித்தவன். ஆயினும், பள்ளி ஆசிரியன் நாற்றங்கால் பார்ப்பவனைப் போன்றவன். நாற்றைப் பிடுங்கிக் கட்டி அனுப்பிவிட்ட பிறகும், நடவு வயலில் அது பச்சை பிடித்ததா என்று எட்டிப் பார்க்காமல் அவனால் இருக்க இயலாது. அப்படி எட்டிப் பார்த்ததில் கண்டவற்றையே உங்கள்முன் வைக்கின்றேன்.

முதலில் என் கதை. நான் பி.ஏ. வரலாறு படிக்கச் சேர்ந்தது 1988ஆம் ஆண்டில். தங்கியது ஆதிதிராவிடர் நல மாணவர் விடுதியில். (2025ஆம் ஆண்டு முதல் அரசு நல விடுதிகள் அனைத்திற்கும் சமூகநீதி விடுதி என்று பெயர் சூட்டப்பட்டுள்ளது, பெயர் நல்ல பெயர், கழிப்பறையும் அப்பெயருக்குத் தக அமையட்டும்.) எங்கள் விடுதியின் பொது அறையில் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி, மரப்பேழைக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படத்திற்கு மட்டுமே அது திறக்கப்படும். பல்கலைக்கழக மானியக் குழு 1984ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் 'நாடு தழுவிய வகுப்பறை' என்னும் கல்வி ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் வாயிலாகத் தொடங்கியிருந்தது. சிற்றூர்க் கல்லூரியில் படிக்கும் மாணவனுக்கும் நாட்டின் தலைசிறந்த அறிஞர்களுடைய விளக்கம் எட்டவேண்டும் என்பது அதன் நோக்கம். அதற்கென நிகழ்ச்சிகள் தயாரிக்கும் மையங்கள் பல பல்கலைக்கழகங்களில் ஏற்பட்டன. நம் மாநிலத்தில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அவை அமைந்தன.

அதற்கும் முன்னர், 1975-76ஆம் ஆண்டில், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை இரவல் பெற்று ஆறு மாநிலங்களில் 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி வழிக் கல்வி அளித்துப் பார்த்தது நம் நாடு. அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இடம்பெறவில்லை என்பதை நான் பிற்காலத்தில்தான் அறிந்தேன்.

ஒருநாள் விடுதிக் காப்பாளரிடம் மன்றாடிச் சாவி வாங்கி, அந்தக் கல்வி ஒளிபரப்பைக் காண நாங்கள் முப்பது பேர் அமர்ந்தோம். மண்ணுள் புதைந்த பழைய நகரம் ஒன்றைத் தோண்டியெடுக்கும் படம். செங்கற்சுவர், வடிகால், மண்பாண்டம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் விளக்கம் முழுவதும் ஆங்கிலத்தில். அதுவும் புத்தகத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஆங்கிலமன்று. நாக்கின் நுனியில் உருண்டோடும் ஆங்கிலம். கால்மணி நேரத்திற்குள் ஒவ்வொருவராக எழுந்து சென்றனர். எஞ்சியவர் ஏழு பேர். அடுத்த வாரம் என்ன நடந்தது தெரியுமா? விடுதியில் இருந்த எம்.ஏ. ஆங்கில மாணவர் ஒருவர், எங்களினும் நான்கைந்து வயது மூத்தவர், தாமே முன்வந்து பெட்டியின் அருகில் நின்றுகொண்டார். படம் ஓட ஓட, "இது தானியக் கிடங்காம், இவ்வளவு தானியம் சேர்த்தவன் யார், சுமந்தவன் யார் என்று நீயே யோசித்துக்கொள்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அன்று ஒருவரும் எழுந்து செல்லவில்லை. அந்த வடிகாலும் கிடங்கும் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. அதே படப்பெட்டிதான், அதே மாணவர்கள்தாம். இடையில் ஓர் ஆள் வந்து நின்றார். நம் மொழியில் பேசினார். நான் இன்று கூறப்போவது அனைத்தும் இந்த ஒரு செய்தியின் விரிவே.

ஊடகம் என்பது நமக்குப் புதியதன்று என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். அச்சு இயந்திரமே பெரும்புதுமையாக இருந்த காலத்தில், 1893ஆம் ஆண்டிலேயே, இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' என்று துணிந்து பெயரிட்டு இதழ் நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டு சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். ஏழையும் வாங்கத்தக்க விலையை இதழின் பெயரிலேயே வைத்தார் அவர்! அண்ணல் அம்பேத்கர் 1920ஆம் ஆண்டு 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைக் கண்டார். புதிய கருவி ஒன்று வந்தபோதெல்லாம் நம் முன்னோர் அதைக் கைகட்டி வேடிக்கை பார்க்கவில்லை; கையில் எடுத்தனர். நாம் என்ன செய்துகொண்டிருக்கின்றோம் என்பதே வினா.

கருவிக்கும் பாடத்திற்கும் இன்று பஞ்சமில்லை. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் சேர்ந்து 2003ஆம் ஆண்டில் என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கின. நுழைவுத் தேர்வு எழுதி நூற்றில் ஒருவர் இருவர் மட்டுமே நுழையக்கூடிய வகுப்பறைகளின் பாடம், காசின்றி எவரும் காணுமாறு இணையத்தில் ஏற்றப்பட்டது. 2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நடுவண் அரசு 'ஸ்வயம்' தளத்தைத் திறந்தது. அதில் தேறிய பாடங்களைக் கல்லூரியில் படித்த பாடமாகவே கணக்கில் கொள்ளலாம் என்று மானியக் குழு விதி செய்துள்ளது. 2021ஆம் ஆண்டின் விதிப்படி ஒரு பருவத்தில் நூற்றுக்கு 40 பங்கு வரை அவ்வாறு கொள்ளலாம். அண்மைக் காலத்தில் என்.பி.டி.இ.எல். பாடங்கள் பலவற்றின் எழுத்து வடிவம் தமிழாக்கம் செய்யப்பட்டும் கிடைக்கின்றது. நம் தெருவிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் பலரை நான் கேட்டுப் பார்த்தேன். ஸ்வயம் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர் மூவர். அதில் ஒரு பாடமேனும் முழுமையாகப் பார்த்தவர் எவரும் இலர். இது பிள்ளைகளின் குற்றமா?

2020ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க இயலாது. மார்ச்சுத் திங்களில் கல்லூரிகள் மூடப்பட்டன. இறுதியாண்டு மாணவர்க்கு அவ்வாண்டு டிசம்பரிலும், ஏனையோர்க்கு 2021 பிப்ரவரியிலும் திறந்தன. பின்னர் மீண்டும் மூடி, செப்டம்பர் முதல் நாளன்று திறந்தன. இடைப்பட்ட காலம் முழுவதும் வகுப்பு கைப்பேசியில் நடந்தது. அதற்குச் சற்று முன், 2017-18ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை நூற்றுக்கு 4.4, இணைய வசதி பெற்றிருந்தவை 14.9. இந்தக் கணக்கை அறிந்தவர்கள்தாம் "நாளை காலை பத்து மணிக்கு அனைவரும் காணொலியில் வருக" என்று ஆணையிட்டனர்.

நம் தெருப் பிள்ளை ஒருவனைப் பற்றிக் கூற வேண்டும். பி.காம். இரண்டாமாண்டு. தந்தைக்கு வேலையில்லாது போனமையால் விசைத்தறிக் கூடத்தில் பகல் முறைக்குச் சேர்ந்துவிட்டான். வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அதைச் சட்டைப் பையில் வைத்து, ஒரு காதில் ஹெட்போனைச் செருகிக்கொண்டு, மற்றொரு காதால் நூல் அறும் ஓசையைக் கேட்டுக்கொண்டே தறி ஓட்டினான். வருகைப் பதிவின்போது பெயர் அழைக்கப்படும். பேச்சுப் பொத்தானை அழுத்தினால் நாற்பது தறிகளின் சத்தம் வகுப்பு முழுவதும் பாயும். முதல் நாள் பாய்ந்தது, உடன்படிப்போர் நகைத்தனர், விரிவுரையாளர் "எங்கே இருக்கின்றாய்?" என்று கேட்டார். பதில் கூற அவனுக்கு நாணம். மறுநாள் முதல் அவன் பொத்தானை அழுத்தவே இல்லை. வகுப்பு முழுவதையும் கேட்டான். ஆனால் வராதவன் என்றே பதிவாயிற்று. பருவத்தின் முடிவில் வருகை போதாது என்று கடிதம் வந்தபோதுதான் அவன் தாய் என் வீட்டுக்கு வந்து அழுதார். கல்லூரியின் பெயரை இங்குக் கூறப்போவதில்லை. அந்த விரிவுரையாளரைக் கொடியவர் என்றும் நான் எண்ணவில்லை. அவர் பார்த்த கண்ணாடியில் வெறும் பெயர்கள்தாம் தெரிந்தன, தறி தெரியவில்லை.

இதற்கு மறுதலையாக இன்னொருவரையும் அறிவேன். அரசுக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். தமக்கே மாதச் சம்பளம் முறையாக வாராத நிலையில் இருந்தவர். இரண்டு வாரம் காணொலி வகுப்பு நடத்திப் பார்த்தார். மாணவர் பலர் பாதியில் மறைவதைக் கண்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியே தொலைபேசியில் அழைத்து உசாவினார். அதன்பின் முறையை மாற்றிக்கொண்டார். அன்றைய பாடத்தைத் தமிழில், கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்திலும் கூறி, பதினைந்து நிமிடம் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். காணொலி வகுப்பு ஒருமணி நேரத்திற்கு அரை ஜி.பி., சமயத்தில் அதற்கு மேலும் விழுங்கும். அவருடைய குரற்பதிவு மூன்று நான்கு எம்.பி.க்குள் அடங்கியது. கரட்டின் மேல் ஏறி அலைவரிசை தேட வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு வேலை முடித்து வந்து கேட்கலாம். விளங்கவில்லையெனில் திரும்பக் கேட்கலாம். வருகைக்குப் பதிலாக ஒரு கேள்வி. அதற்கு ஒரு தாளில் விடை எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் போதும். அவருடைய பிள்ளைகள் தேறினர். அவர் கையாண்டது மிக எளிய கருவி. மாணவன் எங்கே, எந்நிலையில் இருக்கின்றான் என்று முதலில் கேட்டறிந்தார். அதற்கேற்பக் கருவியைத் தேர்ந்தார். பயிற்சி முகாம்களில் இந்த வரிசையைத் தலைகீழாகக் கற்பிக்கின்றனர் என்பது என் அனுபவம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் கூறமாட்டேன். 2021ஆம் ஆண்டு சனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர் ஒன்பது லட்சத்திற்கும் மேற்பட்டோர்க்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவு விலையின்றி அளிக்கப்பட்டது. அதற்கும் முன்பே, 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், பிறகு நின்றுபோகும் வரை, பல லட்சம் பிள்ளைகள் பயனடைந்தனர். 2025ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில், இரண்டாண்டுகளில் இருபது லட்சம் கல்லூரி மாணவர்க்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்குவதாக அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால் முதல் மடிக்கணினியை நாம் என்ன செய்தோம் என்பதை மனந்திறந்து பேசுவோம். சிலர் அடகு வைத்தோம். சிலர் கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டோம். மின்கலம் தீர்ந்ததும் பரணில் ஏற்றினோம். நம்மில் எத்தனை பரண்களில் அவை இன்றும் கிடக்கின்றன? பிள்ளையிடம் கருவியைக் கொடுத்தவர்கள், அதை வைத்துக்கொண்டு எவ்வாறு படிப்பது என்று காட்ட ஓர் ஆளைக் கொடுக்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

கல்லூரிக்குள்ளும் இதே கதைதான். திறன்பலகை பொருத்திய வகுப்பறையில் ஆசிரியர் திரையில் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கின்றார். மாணவன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்கின்றான். முன்பு குறிப்பு சொல்லி எழுத வைத்தனர். எழுதியதால் ஒரு தடவையேனும் மூளை வழியே சென்றது. இப்போது அதுவும் இல்லை! நல்ல பாடத்தை மாணவன் முன்கூட்டியே கண்டும் கேட்டும் வர, வகுப்பு நேரத்தை ஐயம் தீர்க்கவும் விவாதிக்கவும் ஆசிரியர் பயன்படுத்துவதே இக்கருவிகளால் வரும் உண்மையான ஆதாயம். மெய்தான். ஆனால் முன்கூட்டியே காண்பதற்கு வீட்டில் ஓர் இடம் வேண்டும். ஓர் அறையில் ஆறு பேர் உறங்கும் வீட்டில் அந்த இடம் எங்கே? வசதியுள்ள பிள்ளை பார்த்துவிட்டு வந்து வகுப்பில் கேள்வி கேட்பான். நம் பிள்ளை பார்க்காமல் வந்து வாய்மூடி இருப்பான். வாய்மூடி இருப்பது நமக்குப் பழகிய கலை என்று எவரேனும் சொல்லக்கூடும்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த சாட்ஜிபிடி முதலான செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் ஒரு சொல். கேட்டால் கட்டுரை எழுதித் தருகின்றது. என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, இப்போது இளங்கலை இரண்டாமாண்டு, அப்படி எழுதி வாங்கிய ஒப்படைப்பைப் பெருமையோடு காட்டினாள். ஒரு பத்தியைச் சுட்டி, இதன் பொருள் என்ன என்றேன், விழித்தாள். "சரி, பொருளையும் அதனிடமே தமிழில் கேள், பிறகு எனக்கு உன் வாயால் சொல்" என்றேன். கேட்டாள், சொன்னாள். இடையில் அது கூறிய ஆண்டு ஒன்று தவறு என்பதையும் பாடநூலைப் புரட்டிக் கண்டுபிடித்தாள். அன்று அவள் முகத்தில் கண்ட ஒளியை ஒப்படைப்பு வாங்கித் தந்த மதிப்பெண் தந்திருக்காது. ஆங்கிலம் தெரிந்த அண்ணன் இல்லாத வீட்டில் இக்கருவி ஓர் அண்ணனாக நிற்க இயலும். பக்கத்தில் ஒருவர் அமர்ந்து "உண்மையா என்று பார்" எனச் சொல்ல வேண்டும்.

கருவியைக் கொண்டு பிறர் சொல்வதைக் கேட்பது ஒரு பாதி. நாம் சொல்வது மறுபாதி. மேச்சேரி என்றாலே வெளியூரார்க்கு மேச்சேரி ஆடு. செம்பழுப்பு நிறம், கொம்பில்லாத தலை, கம்பளிக்கு மாறாகக் குறுமயிர். கறிக்கும் தோலுக்கும் பெயர் பெற்ற இனம். அதற்கென்றே பொட்டனேரியில் 1978ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகின்றது. விலங்கியல் படிக்கும் நம் பிள்ளை வெளிநாட்டுச் செம்மறியைப் பற்றி ஆங்கிலக் காணொலி காண்கின்றான். தன் பாட்டி அந்திக்குப் பட்டியில் அடைக்கும் ஆட்டைப் பற்றித் தமிழில் ஒரு பாடம் இல்லை. எந்த ஆட்டின் தோல் எந்தப் பருவத்தில் உறுதி, உப்பிடுவது எப்படி, உலர்த்துவது எப்படி என்பதெல்லாம் நம் முதியோர் கையில் இருக்கும் அறிவு. அதைச் செய்ததற்காக அவர்களை ஒதுக்கி வைத்தார்கள். அந்த அறிவை எந்தப் பாடநூலிலும் ஏற்றவில்லை. ஒரு கைப்பேசி போதும். பேரன் கேட்கட்டும், தாத்தா சொல்லட்டும். பதிவு செய்து, கல்லூரி விலங்கியல் ஆசிரியரிடம் காட்டித் திருத்தி, பாடமாக வெளியிடட்டும். 1907இல் ஒரு பைசாவுக்குச் செய்ததை இன்று ஒரு பைசாவும் இன்றிச் செய்யலாம்.

இறுதியாக நம் வெள்ளி விழா நிதி பற்றி. தெருமுனையில் நினைவு வளைவு கட்டுவதா, இந்த மன்றத்தில் பெரிய திறன்பலகை ஒன்று மாட்டுவதா என்று செயற்குழுவில் இரு கட்சிகள் உள்ளதை அறிவீர்கள். திறன்பலகை வேண்டும் என்று முதலில் கூறியவனே நான்தான். அதை இன்று திரும்பப் பெறுகின்றேன். நான் முன்பு பணியாற்றிய பள்ளியொன்றில் அழகிய கணினி ஆய்வகம் அமைந்தது. மின்காப்புக் கருவி பழுதானது. பழுது நீக்கும் பொறுப்பு எவருடையது என்ற கடிதப் போக்குவரத்திலேயே ஒரு கல்வியாண்டு கழிந்தது. அந்தக் கடிதங்களில் பாதி நான் எழுதியவை.

ஆகவே வேறொன்று வேண்டுகின்றேன். பரண்களில் கிடக்கும் மடிக்கணினிகளைத் திரட்டுவோம். பத்துக்கு ஆறு பழுது நீக்கக்கூடியவை என்று ஓமலூர்ச் சாலையில் கடை வைத்திருக்கும் நம் இளைஞர் கூறுகின்றார். ஒரு நல்ல இணைய இணைப்பு, பத்து ஹெட்போன்கள், சுவரோரம் மேசைகள். நாள்தோறும் மாலை ஐந்து முதல் எட்டு வரை மன்றம் திறந்திருக்க வேண்டும். செலவின் பெரும்பங்கு கருவிக்கன்று, ஆளுக்கு: நம் தெருவில் பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் பெண் ஒருவரை மாதச் சம்பளத்தில் அமர்த்துவோம். கல்லூரியில் என்ன பாடம் நடக்கின்றது என்று கேட்டு, அதற்குரிய பதிவைத் தேடித் தந்து, பக்கத்தில் அமர்ந்து, அந்த எம்.ஏ. மாணவர் எங்களுக்குச் செய்ததைச் செய்ய வேண்டும். பெண் என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆண் பிள்ளைகள் மட்டும் நிரம்பிய மன்றத்திற்குத் தம் மகளை அனுப்ப இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களில் எத்தனை பேர் இசைவீர்கள்? எட்டு மணிக்கு மேல் வீட்டிற்குத் துணையாக நடந்து செல்ல இரு முதியவர்கள் ஏற்கெனவே இசைந்துள்ளனர். அவர்களுள் ஒருவர் என் மாமனார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடுகின்றது. முதல் மூன்று மாதச் சம்பளத்தை நான் ஏற்கின்றேன். நம் சங்கத்து அரசு ஊழியர்கள் ஆளுக்கு ஒரு மாதம் ஏற்றால் இரண்டு ஆண்டுகள் ஓடிவிடும். மன்றத்தின் சாவி மட்டும் அந்தப் பெண்ணிடமே இருக்க வேண்டும். செயலாளர் அவர்கள் பொறுத்தருள்க.